கம்ப்யூட்டர் கேள்வி பதில்: வேலை வெப்சைட்ல மேப் வைக்கறதுக்கு முன்னாடி

உள்ளூர் வேலைகளுக்குன்னு தனியா வெப்சைட் நடத்துறவங்க லொகேஷன் தேடல்ல என்ன சிக்கல் வருதுன்னு எழுதுங்கன்னு போன இதழ்ல ஒரு மூலையில சின்னதா போட்ருந்தோம். மெயிலும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சிருச்சு. அதனால இந்த இதழ் முழுக்க இது ஒண்ணுதான், பிரிண்டர்ல பேப்பர் சிக்கறது, போன் சூடாகறது எல்லாம் அடுத்த இதழ்ல பாத்துக்கலாம், கோச்சுக்காதீங்க.

அண்ணா வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைகளுக்குன்னு சின்னதா ஒரு வெப்சைட் நடத்துறேன், வேர்ட்பிரஸ்ல டபிள்யூபி ஜாப் மேனேஜர்னு வேலை விளம்பரம் போடற ப்ளகின் போட்ருக்கேன். பவர் டேபிள் டெய்லர், செக்கிங், அயர்ன் மாஸ்டர், மெர்ச்சண்டைசர்னு தினமும் வேலை ஏறுது. ஆனா லொகேஷன் பாக்ஸ்ல திருப்பூர்னு அடிச்சா பாதி வேலை வர்றதில்லீங்க, பெருமாநல்லூர், அனுப்பர்பாளையம்னு போட்டதெல்லாம் காணாமப் போயிடுது. 15 கிலோமீட்டருக்குள்ள இருக்கறதெல்லாம் காட்டணும், கூடவே மேப்பும் வேணும். என்ன பண்றதுங்ணா?
– வாசகர், திருப்பூர்

மேப்பை இப்போதைக்கு ஓரமா வைங்க தம்பி, உங்க சிக்கல் அங்க இல்ல. ஜாப் மேனேஜர்ல இருக்கற அந்த லொகேஷன் பாக்ஸ் வெறும் எழுத்தைப் பொருத்திப் பாக்கற தேடல், நீங்க அடிச்ச எழுத்து எந்த வேலையில இருக்கோ அதை மட்டும் எடுத்துக் குடுக்கும், பெருமாநல்லூர் எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர்ங்கறதெல்லாம் அதுக்குத் தெரியாது. செட்டிங்ஸ்ல ஜெனரல் டேப்ல கூகுள் மேப்ஸ் ஏபிஐ கீ, அதாவது கூகுளோட சேவையை நம்ம சைட் கேட்டு வாங்கறதுக்கான சாவி, அதைப் போடற இடம் ஒண்ணு இருக்கும். அதுல கீ போட்டா, வேலை சேவ் ஆகும்போது அந்த முகவரியை கூகுளுக்கு அனுப்பி அட்சரேகை, தீர்க்கரேகை, ஊர், மாநிலம், ஒழுங்கு பண்ண முழு முகவரி எல்லாத்தையும் வாங்கி அந்த போஸ்டோட மெட்டாவுல, அதாவது கூடுதல் விவரம் வைக்கற இடத்துல, எழுதி வச்சுக்கும். ஜியோகோடிங்னு சொல்றது இதைத்தான். அப்புறம் தேடும்போது அந்த முழு முகவரியிலயும் சேர்த்துத் தேடும், அதனால முன்னைக்கு இப்ப கொஞ்சம் கூடுதலா வேலை வரும். ஆனா அப்பவும் அது எழுத்துத் தேடல்தான், 15 கிலோமீட்டர்ங்கற கணக்கு அதுல வராது. தூரம் பாத்துத் தேட தனியா ஒரு ப்ளகின் வேணும், ஜியோ மை டபிள்யூபி மாதிரி, இல்லன்னா ஃபேசட்டபிள்யூபில இருக்கற ப்ராக்ஸிமிட்டி ஃபில்டர் மாதிரி. கீ போடறதுக்கு முன்னாடி ஏத்துன பழைய வேலைகளுக்கு இந்த லொகேஷன் விவரமெல்லாம் தானா வந்துடாது, அதையெல்லாம் திரும்ப சேவ் பண்ணணும், இதை விட்டுட்டுத்தான் பல பேர் ப்ளகின் சரியில்லன்னு சொல்லிட்டு இருக்காங்க.

இப்ப கீ விஷயம். இங்கதான் எல்லாரும் மாட்றாங்க. கூகுள் கீயை யாரும் திருடிடக் கூடாதுன்னு நம்ம டொமைன்ல இருந்து மட்டும் வேலை செய்யற மாதிரி ரெஃபரர் கட்டுப்பாடு போடுவோம், நல்ல பழக்கம்தான். ஆனா ஜியோகோடிங் நடக்கறது உங்க சர்வர்ல இருந்து, பிரவுசர்ல இருந்து இல்ல, ரெஃபரர் கட்டுப்பாடு போட்ட கீயை அந்த ஏபிஐ ஏத்துக்கவே ஏத்துக்காது, ரிக்வெஸ்ட் டினைடுன்னு திருப்பி அனுப்பிடும். மேப் ஜம்முனு தெரியும், ஆனா ஒரு வேலைக்குக் கூட லொகேஷன் பதிவாகாது, நீங்களும் நாள்கணக்கா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருப்பீங்க. ரெண்டு கீ எடுங்க. மேப் காட்டறதுக்கு ஒண்ணு, அதுக்கு டொமைன் கட்டுப்பாடு. சர்வருக்கு ஒண்ணு, அதுக்கு உங்க ஹோஸ்டிங்கோட ஐபி கட்டுப்பாடு.

இதெல்லாம் சரியா பண்ணாலும் குப்பையைப் போட்டா குப்பைதான் வரும். உங்க ஊரையே எடுத்துக்கோங்க, 15 வேலம்பாளையம்ங்கற ஊர் பேரை ஒருத்தர் போட்டா அந்த 15ஐ டோர் நம்பர்னு எடுத்துக்கிட்டு வேற ஏதாவது வேலம்பாளையத்துக்குப் போயிட வாய்ப்பு இருக்கு. வீரபாண்டின்னு மொட்டையா போட்டா எந்த வீரபாண்டி, உங்க ஊர்லயும் இருக்கு, சேலத்துலயும் இருக்கு, தேனியிலயும் இருக்கு. கே.கே. நகர் சென்னையிலயும் இருக்கு, மதுரையிலயும் இருக்கு, திருச்சியிலயும் இருக்கு. ஸ்பெல்லிங் கூத்து தனி. திருப்பூருக்கே இங்கிலீஷ்ல ஒரு பி, ரெண்டு பின்னு ரெண்டு விதம். 2020ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி அரசாணை போட்டு, ஜனங்க கத்துன கத்துல வெளியிட்ட வேகத்துலயே வாபஸ் வாங்குனது ஞாபகம் இருக்கும், கோயம்புத்தூர்ங்கற ஒரு பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதறதுன்னு கவர்மெண்ட்டுக்கே ஒரு முடிவு இல்லன்னா கம்பெனி எச்ஆர்கிட்ட என்ன எதிர்பாக்க முடியும்.

அதனால உங்கள மாதிரி ஒரு வட்டாரத்துக்கு மட்டும் சைட் நடத்துறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், ஏபிஐயை நம்பாம ஊர் பட்டியல் ஒண்ணு நீங்களே போடுங்க. எக்செல்ல ஒரு ஷீட். ஊர் பேர் தமிழ்ல, இங்கிலீஷ்ல, ஜனங்க அடிக்கற வேற ஸ்பெல்லிங் எல்லாம் ஒரு காலம்ல, பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, அவ்வளவுதான். அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், மங்கலம், நெருப்பெரிச்சல், முதலிபாளையம், காங்கயம், ஊத்துக்குளின்னு எழுதிட்டுப் போனா உங்க வட்டாரத்துக்கு ஒரு நூறு ஊருக்குள்ள முடிஞ்சிடும், தன்னார்வலர்கள் சேர்ந்து போடற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இலவச மேப்ல பாத்து எடுத்தா ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. அப்புறம் வேலை போடறவங்களுக்கு லொகேஷனை டைப் பண்ற பாக்ஸே குடுக்காதீங்க, இந்தப் பட்டியல்ல இருந்து எடுக்கற மாதிரி வைங்க, தெரு முகவரி வேணும்னா அது கீழ தனி பாக்ஸ். ஜாப் மேனேஜருக்கு ரீஜன்ஸ்னு ஒரு இலவச ஆட்-ஆன் இருக்கு, அதுல ஊரை எல்லாம் ஏத்தி ஒவ்வொண்ணுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை சேர்த்து வச்சுட்டா போதும், தெரிஞ்ச டெவலப்பர் யாரையாவது பிடிச்சா முடிச்சுக் குடுத்துருவாங்க. டெய்லர் வேலை தேடற அக்காவுக்கு வேலை எந்த ஏரியான்னு தெரிஞ்சா போதும், கம்பெனி கேட் எந்தப் பக்கம்னு தேடும்போதே தெரியணும்னு இல்ல.

தூரக் கணக்கு ஒண்ணும் பெரிய கம்பசூத்திரம் இல்ல, ஹாவர்சைன் ஃபார்முலா, பூமியோட ஆரம் 6,371 கிலோமீட்டர்னு வச்சு ரெண்டு புள்ளிக்கு நடுவுல தூரம் சொல்லிடும். திருப்பூர் நடுவுல இருந்து 15 போட்டீங்கன்னா அவிநாசியும் பல்லடமும் உள்ள வந்துடும், காங்கயம் வராது. காங்கயம் ஆளுங்க சண்டைக்கு வந்தா 30க்கு ஒரு ஆப்ஷன் வைங்க.

சார், எங்க சைட்ல சேலம்னு போட்ட வேலைக்கு மேப்ல அமெரிக்காவுல பின் குத்துது. ஓனர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டு மானத்த வாங்கிட்டார்.
– வாசகி, சேலம்

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துக்குத் தலைநகரமே சேலம்தான்மா, மாசசூசெட்ஸ்ல இன்னொண்ணு இருக்கு. எந்த நாடுன்னு நீங்க சொல்லாத வரைக்கும் அது எந்த சேலத்த எடுத்தாலும் அதுமேல தப்பு சொல்ல முடியாது. கூகுள் ஜியோகோடிங்ல இதுக்கு ரீஜன், காம்பொனன்ட்ஸ்னு ரெண்டு செட்டிங் இருக்கு. ரீஜன்ல இந்தியான்னு குடுத்தா இந்தியாவுக்கு முன்னுரிமை குடுக்கும், அவ்வளவுதான், வெளிய போகவே மாட்டேன்னு சத்தியம் பண்ணாது. காம்பொனன்ட்ஸ்ல நாடு இந்தியான்னு குடுத்தா வேற நாட்டு ரிசல்ட்டைத் தள்ளி விட்ரும். ரெண்டாவதைப் போடுங்க. கோட்ல கை வைக்க முடியலன்னா முகவரியை அனுப்பறதுக்கு முன்னாடி பின்னால தமிழ்நாடு, இந்தியான்னு ஒட்டி அனுப்பற மாதிரி பண்ணுங்க, முக்கால்வாசி சரியாயிடும். ஓனரோட இடத்துல நான் இருந்தா குரூப்ல போட்ருக்க மாட்டேன், அது வேற விஷயம்.

கூகுள் மேப் கீ எடுக்கப் போனா கார்டு நம்பர் கேக்குது. ஒருநாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா லட்சக்கணக்குல பில் வந்து நிக்குமோன்னு பயமா இருக்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறிடலாமா?
– வாசகர், மதுரை

பயம் நியாயம்தான், ஆனா எதுக்குக் காசு போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். 2018ல இருந்தே பில்லிங் அக்கவுண்ட் இல்லாம கூகுள் மேப்பை ஒழுங்கா ஓட்ட முடியாது, கார்டு குடுக்கலன்னா மேப் இருட்டா, மேல டெவலப்மெண்ட் பர்ப்பஸ் ஒன்லின்னு வாட்டர்மார்க்கோட வரும். முன்னாடி மாசம் 200 டாலர் இலவசமா கழிச்சுக்குவாங்க, 2025 மார்ச்ல இருந்து அதை எடுத்துட்டு ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச அளவு வச்சுட்டாங்க, பொதுவான விலைப் பட்டியல்ல ஜியோகோடிங் மாதிரி அடிப்படை சேவைகளுக்கு மாசம் 10,000 வரைக்கும் இலவசம். இந்தியாவுல பில்லிங் வச்சிருக்கறவங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தனி விலைப் பட்டியல், அது இன்னும் மலிவு.

இப்ப உங்க கணக்குப் பாருங்க. தினம் 50 வேலை ஏறுனாலும் ஜியோகோடிங் ஒரு வேலைக்கு ஒரு தடவைதான், மாசம் 1,500. அதுல பில் வராது. காசைத் தின்றது எதுன்னா, ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் தானா லோடாகற மேப், அப்புறம் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் ஊர் பேரைக் காட்டற ஆட்டோகம்ப்ளீட். மேப்பை முதல்லயே காட்டாதீங்க, 'மேப்ல பாக்க'ன்னு ஒரு பட்டன் வைங்க, அழுத்துனா மட்டும் லோடாகட்டும், அழுத்தறவங்க எவ்வளவு கம்மின்னு பாத்தா நீங்களே ஆச்சரியப்படுவீங்க. இன்னொண்ணு, கூகுள் கன்சோல்ல பட்ஜெட் அலர்ட் வச்சுட்டா தானா நின்னுடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நிக்காது, மெயில் மட்டும்தான் வரும். நிக்கணும்னா அந்தந்த ஏபிஐயோட கோட்டா பக்கத்துக்குப் போய் ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு நீங்களே குறைச்சு வைக்கணும். கார்டு குடுத்த அன்னைக்கே அதைப் பண்ணிடுங்க.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தாராளமா போகலாம், மேப் காட்ட லீஃப்லெட், முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையா மாத்த நாமினாட்டிம். இலவசம்தான், ஆனா தன்னார்வலர்கள் நன்கொடையில ஓடற சர்வர், அதுக்கு விதி இருக்கு. நாமினாட்டிம் பொது சர்வர்ல செகண்டுக்கு ஒரு கேள்விக்கு மேல கேக்கக் கூடாது, ஆட்டோகம்ப்ளீட்டுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது, மேப் ஓரத்துல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்னு பேர் போட்டே ஆகணும். ஆளே இல்லாத கடைன்னு நினைச்சு அள்ளுனீங்கன்னா பிளாக் பண்ணிடுவாங்க. அப்புறம் பாதி கூகுள், பாதி இதுன்னு கலக்காதீங்க, கூகுள்ல வாங்குன லொகேஷனை வேற கம்பெனி மேப்ல காட்ட அவங்க விதிமுறையில இடமில்ல, அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை 30 நாளைக்கு மேல சேமிச்சு வைக்கவும் கூடாது, ஒவ்வொரு இடத்துக்கும் கூகுள் குடுக்கற ப்ளேஸ் ஐடி மட்டும் வச்சுக்கலாம். திருப்பூர் தம்பிக்குச் சொன்ன சொந்த ஊர் பட்டியல் இருந்தா இந்தத் தலைவலி எதுவுமே இல்ல.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட சாதாரண மேப்ல காஷ்மீர்ப் பக்கம் எல்லைக் கோடு நம்ம சர்வே ஆஃப் இந்தியா மேப்ல இருக்கற மாதிரி இருக்காது. சர்வே ஆஃப் இந்தியாவோட ஒத்துப் போகாத இந்தியா மேப்பை வெளியிட்டா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும்னு 1961ஆம் வருஷத்துக் குற்றவியல் திருத்தச் சட்டத்துல இருக்கு. உங்க சைட்ல வேலை எல்லாம் மதுரை வட்டாரம்தானே, முழு இந்தியாவையும் ஏன் காட்டணும், லீஃப்லெட்ல மேக்ஸ்பவுண்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, தமிழ்நாட்டைச் சுத்தி ஒரு கட்டம் போட்டு, மினிமம் ஜூமையும் ஏத்தி வச்சுட்டா யாராலயும் மேல போய்ப் பாக்க முடியாது. முழு இந்தியா வேணும்னா மேப்மைஇண்டியா மாதிரி இங்கத்த கம்பெனியோட மேப்பைப் பாருங்க.

ஓசூர்ல இருந்து எழுதறேன். ரேடியஸ் 25 கிலோமீட்டர் வச்சா பெங்களூரு வேலையெல்லாம் கலந்து வருது. தமிழ்நாடு மட்டும்னு ஃபில்டர் போட்டுடலாமா?
– வாசகர், ஓசூர்

போடாதீங்க சார், கெடுத்துக்காதீங்க. அத்திப்பள்ளியும் எலெக்ட்ரானிக் சிட்டியும் உங்க ஆளுங்க தினமும் பஸ் ஏறிப் போயிட்டு வர்ற இடம், நேர்கோட்டுல பாத்தா எலெக்ட்ரானிக் சிட்டி உங்களுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்தான், தர்மபுரி அதைவிட எவ்வளவோ தூரம். எல்லைக் கோட்டை வச்சு வெட்டுனா கிட்ட இருக்கற வேலை மறைஞ்சு தூரத்து வேலை மேல வரும். வேணும்னா வேலைக்குப் பக்கத்துல கர்நாடகான்னு சின்னதா ஒரு சிட்டை ஒட்டுங்க. இஎஸ்ஐ, மினிமம் வேஜ் பத்திக் கேக்கறவங்களுக்கு அது உதவும்.

நான் வெப்சைட் நடத்துறவ இல்ல, வேலை தேடறவ. குன்னூர்ல இருக்கேன். 20 கிலோமீட்டருக்குள்ளன்னு போட்டா மேட்டுப்பாளையம் வேலையெல்லாம் பக்கத்துல இருக்கற மாதிரி காட்டுது, மலை இறங்கி ஏறறதுக்குள்ள பொழுது போயிடும். இதைச் சரி பண்ணச் சொல்லக் கூடாதா?
– வாசகி, குன்னூர்

கண்டிப்பா சொல்லணும்ங்க. இந்த சைட்டெல்லாம் அளக்கறது காக்கா பறக்கற தூரம். உங்களுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் அப்படிப் பாத்தா 16 கிலோமீட்டர் சொச்சம்தான் வரும், ரோட்ல கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி வந்தா அதைப் போல ரெண்டு மடங்கு. ரோட்டுத் தூரமும் பயண நேரமும் கணக்குப் போட்டுக் குடுக்க தனி சேவை இருக்கு, கூகுள்லயும் இருக்கு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவை வச்சு ஓடற ஓஎஸ்ஆர்எம்னு இலவசமாவும் இருக்கு, ஆனா ஒவ்வொரு தேடலுக்கும் எல்லா வேலைக்கும் அதைக் கேட்டா சைட் படுத்துடும். சைட் நடத்துறவங்க கவனிங்க, நேர்கோட்டுத் தூரத்துல சலிச்சு எடுத்து, முதல் பக்கத்துல வர்ற இருபது வேலைக்கு மட்டும் ரோட்டு நேரம் கேட்டுப் போட்டா போதும். அதுவும் முடியலன்னா ஊர் பட்டியல்லயே மலை மேல, மலை கீழன்னு ஒரு காலம் சேர்த்துடுங்க, ஏபிஐயே வேணாம்.

'என் பக்கத்துல'ன்னு ஒரு பட்டன் வச்சேன். சில பேருக்கு வேலையே செய்யல, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தட்டுனா எல்லாரையும் சென்னைன்னு காட்டுது.
– வாசகர், தஞ்சாவூர்

வேலையே செய்யலன்னா உங்க சைட் எச்டிடிபிஎஸ்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, 2016ல இருந்தே குரோம் பாதுகாப்பில்லாத சைட்டுக்கு லொகேஷன் குடுக்கறதில்ல. சென்னைன்னு காட்டறது வேற கதை, டெஸ்க்டாப்ல ஜிபிஎஸ் கிடையாது, வைஃபையும் இல்லன்னா இன்டர்நெட் ஐபியை வச்சு அது குத்துமதிப்பா சொல்லும், அந்த ஐபி உங்க இன்டர்நெட் கம்பெனியோட சென்னை ஆபீஸ் பேர்ல இருக்கும். பிரவுசர் லொகேஷனோட துல்லியம் எத்தனை மீட்டர்னும் சேர்த்தே சொல்லுது, அது 5,000 மீட்டருக்கு மேல போச்சுன்னா அதை நம்பாம ஊர் பேரைக் கேளுங்க. சைட் திறந்த உடனே லொகேஷன் அனுமதி கேட்டு மூஞ்சில அடிக்காதீங்க, பட்டனைத் தட்டுனா மட்டும் கேளுங்க, ஒருதடவை பிளாக்னு குடுத்துட்டா அவங்களை செட்டிங்ஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போய் மாத்த வைக்கறது நடக்காத காரியம்.

ப்ரோ, லீஃப்லெட்ல பின் எல்லாம் ஆர்க்டிக் கடல்ல போய் விழுது. அப்புறம் 20,000 வேலைக்கு ஹாவர்சைன் போட்டா க்வெரி தவழுது.
– ஒரு டெவலப்பர், கோவை

அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறிடுச்சு ப்ரோ. சென்னை 13.08, 80.27, அதைத் திருப்பிப் போட்டா ஸ்வால்பார்டு தீவுக்கு அந்தாண்ட கடல். லீஃப்லெட் அட்சரேகையை முதல்ல கேக்கும், மேப் டேட்டாவை எழுதி வைக்கற ஜியோஜேசன் வடிவம் தீர்க்கரேகையை முதல்ல வைக்கும், ரெண்டையும் இணைக்கற இடத்துல பாருங்க. வேகத்துக்கு, வேர்ட்பிரஸ் மெட்டாவுல எண்ணெல்லாம் வெறும் டெக்ஸ்டா கிடக்கும், இண்டெக்ஸ் உதவாது, அதனால வேலை ஐடி, அட்சரேகை, தீர்க்கரேகைன்னு தனி டேபிள் போட்டு டெசிமலா வைங்க. முதல்ல கட்டம் கட்டி வெட்டுங்க, ஒரு டிகிரி அட்சரேகை 111 கிலோமீட்டர், நம்ம பக்கம் ஒரு டிகிரி தீர்க்கரேகை 109 சொச்சம், அப்ப 15 கிலோமீட்டருக்கு ரெண்டு பக்கமும் 0.14 டிகிரி போதும். அந்தக் கட்டத்துக்குள்ள சிக்குன சில நூறு வேலைக்கு மட்டும் ஹாவர்சைன் போடுங்க, பறக்கும்.

டியூஷன் டீச்சர், சமையல் ஆள், வயசானவங்களைப் பாத்துக்க ஆள்னு வீட்டு வேலைகள் எங்க சைட்ல நிறைய. மேப்ல பின் கரெக்டா அவங்க வீட்டு வாசல்லயே நிக்குது, ஒரு அம்மா போன் பண்ணி அழாத குறையா எடுக்கச் சொன்னாங்க. வீட்ல இருந்தே பாக்கற வேலைக்கு எந்த ஊர் போடறதுன்னும் சொல்லுங்க.
– வாசகி, திருச்சி

உடனே எடுங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. தனியா இருக்கற வயசானவங்க வீட்டுக்கு ஆள் வேணும்னு போட்டு, அந்த வீட்டு வாசலையும் மேப்ல காட்டறது யாருக்கு உபகாரமா இருக்கும்னு யோசிச்சாலே தெரியும். வீட்டு வேலைன்னு ஒரு வகை வச்சு, அந்த வகைக்கு பின் குத்தாம ஒரு கிலோமீட்டர் அளவுல ஒரு வட்டம் மட்டும் காட்டுங்க, வீடு அந்த வட்டத்துக்கு நட்டநடுவுல இருக்கக் கூடாது, கொஞ்சம் தள்ளி வைங்க. ஸ்கிரீன்ல வட்டம் போட்டுட்டு பக்கத்தோட சோர்ஸ்ல ஒரிஜினல் எண்ணை அப்படியே விட்டு வைக்கற சைட்டும் இருக்கு, சர்வர்ல இருந்து வெளிய போகும்போதே எண்ணை மழுங்கடிச்சு அனுப்பணும். புள்ளிக்கு அப்புறம் ரெண்டு தசம ஸ்தானம் மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வெட்டுனா ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் தெரியும்.

வீட்ல இருந்தே பாக்கற வேலைக்கு கம்பெனி இருக்கற ஊரைப் போட்டா பக்கத்து ஊர்த் தேடல்ல மட்டும் வரும், ஊரே போடலன்னா எதுலயும் வராது. தனியா ஒரு டிக் பாக்ஸ் வைங்க, டிக் பண்ண வேலை எந்த ஊர்ல தேடுனாலும் கடைசியில தனிப் பகுதியா வரட்டும், மேப்ல வரவே வேணாம். கூகுள் வேலைத் தேடல்லயும் உங்க வேலைகள் வரணும்னா கூகுள் படிக்கறதுக்காக பக்கத்தோட கோட்ல எழுதற ஜாப்போஸ்டிங் ஸ்கீமாவுல சாதாரண வேலைக்கு ஜாப்லொகேஷன்ல முகவரியும் நாடும் இருக்கணும், வீட்டு வழி வேலைக்கு ஜாப்லொகேஷன்டைப்ல டெலிகம்யூட்னு போட்டு, எந்த நாட்டு ஆளுங்க விண்ணப்பிக்கலாம்ங்கறதையும் சொல்லணும். வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ் வரணும்னு கேக்கற வேலைக்கு டெலிகம்யூட் போடாதீங்க, முழுக்க வீட்ல இருந்தே பாக்கற வேலைக்கு மட்டும்தான் அது.